ஒரு மருத்துவ ஆய்வாளரின் மேற்கோள் கணக்கு: தேர்வுக் குழுவில் நடந்த சரிபார்ப்பு

பின்னணி

ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், மருந்துகளையும் சிகிச்சைகளையும் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் தன் மருத்துவச் சோதனைப் பிரிவுக்குத் தலைவரைத் தேடிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களின் வெளியீட்டுப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை நூலகத்துக்கு வந்தது. அதைச் செய்தவன் நான். தேர்வுக் குழுவில் எனக்கு வாக்கு கிடையாது. அறிக்கை கொடுப்பதோடு என் பொறுப்பு முடிந்தது. ஆளையும் நிறுவனத்தையும் அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எண்களும் சற்று மாற்றப்பட்டவையே. அவற்றுக்கிடையே உள்ள விகிதம் மட்டும் மாறவில்லை.

விண்ணப்பதாரர் சிறுநீரக மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வில் இருப்பவர். அவருடைய விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி நான்கு எண்கள் போட்டிருந்தார்: கட்டுரைகள் 164, மேற்கோள்கள் (மற்ற கட்டுரைகள் இவருடையவற்றைச் சுட்டிய எண்ணிக்கை) 9,400, எச்-இண்டெக்ஸ் (மேற்கோள்களை வைத்து ஆய்வாளரை அளக்கும் எண்) 41, மொத்த இம்பேக்ட் ஃபேக்டர் (கட்டுரை வெளியான இதழ்களின் சராசரி மேற்கோள் எண்களின் கூட்டுத்தொகை) 612. அவரைக் குறை சொல்ல முடியாது. விண்ணப்பப் படிவமே இந்த நான்கையும்தான் கேட்டிருந்தது. குழுவின் மதிப்பெண் தாளில் வெளியீடுகளுக்கு 40 மதிப்பெண். அதில் பாதி எச்-இண்டெக்ஸுக்கு, மீதி கட்டுரை எண்ணிக்கைக்கும் இம்பேக்ட் ஃபேக்டர் கூட்டுத்தொகைக்கும். பட்டியலில் உள்ள ஒரு கட்டுரையையாவது யாரேனும் வாசித்திருக்க வேண்டும் என்று அந்தத் தாள் எங்கும் எதிர்பார்க்கவில்லை.

மூன்று தளங்கள், மூன்று எண்கள்

எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவை. ஒருவருடைய கட்டுரைகளில் 41 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 41 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 41. கணக்கு எளிது. எந்தத் தளத்தில் எண்ணுகிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் திரட்டித் தரும் தளங்கள் பல. விண்ணப்பத்தில் இருந்த 41 அவற்றில் ஒன்றான கூகுள் ஸ்காலரிலிருந்து எடுத்தது. ஸ்கோபஸில் அவருக்கு 26. வெப் ஆஃப் சயின்ஸில் 27. மூன்றுமே அன்று திரையில் கண்ட எண்கள். எதுவும் பொய் இல்லை. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்கள், மாநாட்டுத் தொகுப்புகள், நூல்கள் ஆகியவற்றுக்குள் மட்டும் எண்ணுகின்றன. கூகுள் ஸ்காலர் இணையத்தில் கண்ணில் படுகிற ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், இதழில் வரும் முன்பே வெளியிடும் முன்பதிப்பு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. ஆகவே அங்கே எண் பெரிதாக இருப்பது இயல்பு. மருத்துவர்கள் தினமும் பயன்படுத்தும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளம் எச்-இண்டெக்ஸைக் காட்டுவதே இல்லை.

படிவம் எந்தத் தளத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மற்ற விண்ணப்பங்களைப் புரட்டினேன். ஒருவர் ஸ்கோபஸ் எண்ணைக் கொடுத்திருந்தார், இன்னொருவர் வெப் ஆஃப் சயின்ஸ், மற்றவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று எழுதவே இல்லை. இப்படி வெவ்வேறு இடத்தில் எடுத்த எண்களை ஒரே பட்டியலில் இறங்குவரிசையில் அடுக்கித்தான் குழு நேர்காணலுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்திருந்தது.

பல் மருத்துவக் கட்டுரைகள்

கூகுள் ஸ்காலரில் அவருடைய பக்கத்தைத் திறந்து, மேற்கோள் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்திக் கீழே இறங்கினேன். முதல் எட்டு வரிகளும் எதிர்பார்த்தவையே: சிறுநீரக மாற்று சிகிச்சை, உயர் ரத்த அழுத்தம், டயாலிசிஸ். ஒன்பதாவது வரியில் கண்ணாடி அயனோமர் சிமெண்ட்டின் அழுத்தத் தாங்குதிறன் பற்றிய கட்டுரை. பல்லில் ஏற்படும் குழியை அடைக்கப் பயன்படும் பொருள் அது. சிறுநீரக மருத்துவர் அதை எங்கே ஆராய்ந்தார் என்று பார்த்தால், கட்டுரையாளரின் பெயரும் முதலெழுத்தும் இவருடையதே. நிறுவனம் வேறு, இணைக் கட்டுரையாளர்கள் எல்லோரும் வேறு. அதே பெயருடைய ஒரு பல் மருத்துவப் பொருள்கள் ஆய்வாளரின் கட்டுரைகள் ஐந்து இந்தப் பக்கத்தில் வந்து சேர்ந்திருந்தன. அந்த ஐந்துக்கும் சேர்த்து 1,150 மேற்கோள்கள்.

இது நடப்பது எளிது. புதிய கட்டுரைகளைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும் வசதியைப் பயனர் ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால், பெயர் பொருந்துவதாக நிரல் நினைப்பதெல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்தின் சொந்தக்காரர் ஆண்டுக்கணக்கில் அந்தப் பக்கம் போகாமலேயே இருக்கலாம்.

ஸ்கோபஸில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஆரம்ப காலத்தில் அவர் பெயரை வேறு விதமாக அச்சிட்டிருந்தார்கள். அதனால் ஸ்கோபஸ் அவரை இரண்டு ஆட்களாகக் கருதி இரண்டு அடையாள எண்கள் கொடுத்திருந்தது. முதல் எட்டுக் கட்டுரைகள் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பக்கத்தில் தனியே கிடந்தன. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் 26 என்பது 29 ஆனது.

இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 2012இல் ஆர்கிட் எண் வந்தது: ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்கத்தில் ஓர் அடையாளம், பெயர் மாறினாலும் நிறுவனம் மாறினாலும் எண் மாறாது. இவரிடமும் ஆர்கிட் எண் இருந்தது. ஏதோ ஓர் இதழ் கட்டாயப்படுத்தியதால் வாங்கியிருக்கிறார். அந்த ஒரு கட்டுரையைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. வாங்கிவிட்டு அப்படியே விட்டுவிட்டவர்கள் ஏராளம்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் நிலையான அடையாளமாக உள்ள டி.ஓ.ஐ. எண்ணை எடுத்து, பப்மெட்டில் உள்ள கட்டுரையாளர் வரிசை, நிறுவன முகவரி, இணைக் கட்டுரையாளர்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டேன். அலுப்பூட்டும் வேலை, ஆனால் குறுக்கு வழி கிடையாது. கடைசியில் கூகுள் ஸ்காலர் கணக்கு 9,400லிருந்து 8,250 ஆனது. எச்-இண்டெக்ஸ் 38.

பெரிய கட்டுரை யாருடையது?

எஞ்சிய 8,250இல் 3,100 ஒரே கட்டுரைக்கு உரியவை. பல நாடுகளில், பல மருத்துவமனைகளில் நடந்த ஒரு பெரிய மருந்துச் சோதனையின் முடிவு அது. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே தனிநபர் பெயர்கள் சில. அவற்றோடு ஆய்வுக் குழுவின் பெயர். நம் விண்ணப்பதாரர் அந்த முதல் வரிசையில் இல்லை. பின்னிணைப்பில், மருத்துவமனை வாரியாக அச்சிட்ட நீண்ட பட்டியலில் இருந்தார். பப்மெட் இத்தகையவர்களைக் கட்டுரையாளர்கள் என்று போடுவதில்லை. ஒத்துழைத்தவர்கள் என்று தனியாகப் போடுகிறது.

மருத்துவத்தில் இது பழைய கதை. மாரடைப்புக்கான ரத்தக்கட்டி கரைக்கும் மருந்துகளை ஒப்பிட்ட கஸ்டோ சோதனையின் முடிவு 1993இல் வெளியானபோது 976 பேர் கட்டுரையாளர்களாக இருந்தார்கள். பக்கங்களின் எண்ணிக்கையைப்போல் நூறு மடங்கு கட்டுரையாளர்கள் என்று கேலி செய்து, அதே ஆண்டு இக் நோபல் என்ற நையாண்டிப் பரிசைக் கொடுத்தார்கள். கேலி ஒருபுறம் இருக்கட்டும், அத்தனை பேர் இல்லாமல் அப்படியொரு சோதனை நடக்காது என்பதும் உண்மை. நோயாளியிடம் ஒப்புதல் வாங்கி, மருந்து கொடுத்து, மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்துப் படிவம் நிரப்பியவர்கள் அவர்கள்.

யாரைக் கட்டுரையாளர் என்று சொல்லலாம் என்பதற்கு மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது அறிவார்ந்த முறையில் திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரையின் எல்லாப் பகுதிகளுக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் வேண்டும். நான்காவது நிபந்தனை 2013இல்தான் சேர்ந்தது. பின்னிணைப்பில் உள்ளவர்கள் பெரும்பாலும் முதல் நிபந்தனையின் ஒரு பகுதியை நிறைவேற்றியவர்கள்.

அந்தக் கட்டுரையை எடுத்துத் தனியே வைத்ததும் மேற்கோள் 5,150க்கு இறங்கியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வரியில் போய்விட்டது. எச்-இண்டெக்ஸ் குறைந்ததோ ஒன்றே ஒன்று, 38லிருந்து 37. எச்-இண்டெக்ஸுக்கு 3,100 மேற்கோள் பெற்ற கட்டுரையும் ஒன்றுதான், 40 மேற்கோள் பெற்ற கட்டுரையும் ஒன்றுதான். மொத்த மேற்கோள் ஒரு பெரிய கட்டுரையால் ஊதிவிடும். எச்-இண்டெக்ஸ் அந்தப் பெரிய கட்டுரையைக் கண்டுகொள்ளவே செய்யாது. இரண்டுமே அவர் முதல் பெயரா, கடைசிப் பெயரா, நடுவில் எங்கோ ஒருவரா என்று கேட்பதில்லை. ஆகவே அறிக்கையில் அவர் முதல், கடைசி அல்லது தொடர்புக்குரிய (இதழோடும் வாசகரோடும் கடிதத் தொடர்புக்குப் பொறுப்பான) கட்டுரையாளராக உள்ள கட்டுரைகளைத் தனியாகப் பிரித்தேன். மருத்துவ ஆய்வில் முதல் பெயர் பெரும்பாலும் வேலை செய்தவரையும், கடைசிப் பெயர் அந்த ஆய்வை வழிநடத்தியவரையும் குறிக்கும். 164 என்று தொடங்கிய பட்டியலில் அப்படி வந்தவை 52.

குழுவில் ஒருவர், சுயமேற்கோள் அதிகம் இருக்கும் என்று சந்தேகப்பட்டார். பார்த்தேன். எட்டில் ஒரு பங்கு அளவில் இருந்தது. ஒரே நோயாளிக் குழுவை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து வரிசையாக எழுதுபவர், தன் முந்தைய கட்டுரையைச் சுட்டாமல் அடுத்ததை எழுத முடியாது. அதை அதோடு விட்டோம்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரை

பப்மெட்டில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுரையின் மேல் சிவப்புப் பட்டை தெரிந்தது: திரும்பப் பெறப்பட்டது. ஒன்பது பேர் எழுதியதில் இவர் ஐந்தாமவர். விண்ணப்பப் பட்டியலில் அது எந்தக் குறிப்பும் இல்லாமல் இருந்தது. கூகுள் ஸ்காலர் பக்கத்தில் தலைப்பைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. மேற்கோள் எண்ணிக்கையோ திரும்பப் பெற்ற பிறகும் ஏறிக்கொண்டிருந்தது.

இதிலும் புதுமை ஒன்றும் இல்லை. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காட்ட முயன்ற மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகும் அது மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது. மறுப்பதற்காகச் சுட்டினாலும் அது ஒரு மேற்கோள்தான். எண்ணும் நிரலுக்குப் பாராட்டும் ஒன்று, கண்டனமும் ஒன்று.

திரும்பப் பெற்றதற்கான அறிவிப்பைத் தேடி வாசித்தேன். ஆய்வகத்தில் மாதிரிகள் மாசுபட்டிருந்ததைக் கட்டுரையாளர்களே கண்டுபிடித்து, தாமாகவே இதழுக்கு எழுதியிருந்தார்கள். மோசடிக்காகத் திரும்பப் பெறுவது வேறு, நேர்மையான பிழைக்காகத் திரும்பப் பெறுவது வேறு. என் அறிக்கையில் அறிவிப்பின் வாசகத்தை அப்படியே இணைத்தேன். கருத்து எதுவும் சேர்க்கவில்லை.

58 மேற்கோள் பெற்ற கட்டுரை

அவருடைய 52 கட்டுரைகளின் சுருக்கங்களை வாசித்துக்கொண்டே வந்தபோது ஒன்றில் நின்றேன். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளுக்கு மைக்கோஃபீனோலேட் என்ற மருந்து தருவார்கள். மாற்றிய உறுப்பை உடல் நிராகரித்துவிடாமல் காக்கும் மருந்து அது. குறைந்தால் சிறுநீரகம் போகும், கூடினால் தொற்று வரும். உடலில் மருந்து மொத்தம் எவ்வளவு தங்கியது என்று சரியாக அறிய, இரண்டு வேளைகளுக்கு இடைப்பட்ட 12 மணி நேரத்தில் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும். சிறு குழந்தையிடம் அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று மருத்துவமனையில் ஒரு பகல் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். மூன்றே மூன்று முறை, அதுவும் முதல் சில மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, மொத்த அளவை ஏற்கத்தக்க துல்லியத்தோடு கணித்துவிடலாம் என்று இவர் காட்டியிருந்தார். முதல் கட்டுரையாளர் இவரே. மருந்தியல் சிறப்பிதழ் ஒன்றில் வெளியானது. அந்த இதழின் இம்பேக்ட் ஃபேக்டர் அப்படியொன்றும் பெரிதல்ல. ஸ்கோபஸில் 58 மேற்கோள்கள். விண்ணப்பத்தில் அது எழுபத்தெத்தனையோவது வரி.

குழந்தைகள் சிறுநீரகப் பிரிவில் பணிபுரியும் மருந்தாளர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "இந்தச் சமன்பாட்டையா கேட்கிறீர்கள், ஐயா? எங்கள் மருந்தளவுத் தாளில் இருக்கிறதே!" என்றார். தாளைக் கொண்டுவந்து காட்டினார். அடியில் சிறிய எழுத்தில் ஒரு சிகிச்சை வழிகாட்டி ஆவணத்தின் பெயர். அந்த ஆவணத்தைத் தேடி எடுத்து, அதன் ஆதாரப் பட்டியலைப் பார்த்தால் இவருடைய கட்டுரை இருந்தது. அதே வழியில் போனதில் இன்னும் இரண்டு வழிகாட்டிகளில் கிடைத்தது. மூன்றும் இதழ்க் கட்டுரையாக வராமல் தனி ஆவணமாக வெளியிடப்பட்டவை; ஆகவே அவற்றின் ஆதாரப் பட்டியல் ஸ்கோபஸின் கணக்கில் ஏறவில்லை.

மேற்கோள் என்பது, கட்டுரை எழுதும் ஒருவர் இன்னொரு கட்டுரையைச் சுட்டுவது. மருந்து கொடுக்கும் மருத்துவர் அடிக்குறிப்பு எழுதுவதில்லை. புரதத்தின் அளவைக் கண்டறிய லௌரியும் சகாக்களும் 1951இல் எழுதிய முறை மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்று, உலகில் மிக அதிகம் சுட்டப்பட்ட கட்டுரையாக விளங்குகிறது. அதைப் பயன்படுத்துபவர்கள் ஆய்வகத்தில் இருப்பவர்கள். ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் கட்டுரை எழுதுபவர்கள். படுக்கையருகே பயன்படும் முறைக்கு அந்த வாய்ப்பே இல்லை. பயனைப் பொறுத்தவரை எதற்கும் குறைந்ததல்ல. சுவடுதான் வேறு இடத்தில் விழுகிறது.

துறைவாரியாக ஒப்பிடும் அளவைகளையும் பார்த்தேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நடத்தும் ஐசைட் தளத்தில் சார்பு மேற்கோள் விகிதம் என்ற ஒன்று உண்டு; 2016இல் அறிமுகமானது. ஒரு கட்டுரை ஆண்டுக்குப் பெறும் மேற்கோளை, அதே துறையில் எதிர்பார்க்கக்கூடிய அளவோடு ஒப்பிடும். அந்த நிறுவனத்தின் நிதியுதவியில் வரும் கட்டுரைகளின் இடைநிலை அளவு (பாதிக் கட்டுரைகள் அதற்கு மேல், பாதி அதற்குக் கீழ்) 1. குழந்தைகளுக்கான மாற்றுச் சிகிச்சை மருந்தியலில் எழுதுபவர்களே சிலர் என்பதால், நம் கட்டுரையின் விகிதம் 2க்கு மேல் இருந்தது. மருத்துவச் சோதனைகளும் வழிகாட்டிகளும் ஒரு கட்டுரையைச் சுட்டுகின்றனவா என்பதையும் அந்தத் தளம் தனியே காட்டுகிறது. ஆனால் பப்மெட்டில் உள்ளவற்றை மட்டும்தான் அதற்குத் தெரியும். மருந்தாளரின் தாள் அதற்குத் தெரியாது.

குழு எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அறிக்கையைக் கொடுத்ததும் குழு இரண்டாகப் பிரிந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் மதிப்பெண் தாளை மாற்றவே கூடாது என்றார். எண்ணில் குறை இருக்கலாம், ஆனால் வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சுக்கு எண் இடம் கொடுக்காது. வாசித்து முடிவு செய்கிறோம் என்று சொன்னால் யாருக்கு யார் வாசிக்கிறார்கள் என்ற கேள்வி வரும் என்பது அவருடைய வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. எண்களின் ஆட்சி வந்ததற்கே, அதற்கு முன்பிருந்த சிபாரிசின் ஆட்சி ஒரு காரணம்.

இம்பேக்ட் ஃபேக்டர் கூட்டுத்தொகையை நீக்குவதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். இம்பேக்ட் ஃபேக்டர் இதழைப் பற்றிய எண். முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழ் வெளியிட்டவை இந்த ஆண்டு பெற்ற மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது. ஒரே கட்டுரை அந்தச் சராசரியை வானத்துக்குத் தூக்கிவிடும். படிகவியல் இதழான ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ, 2008இல் வெளியான ஒரு மென்பொருள் கட்டுரையின் தயவில், 2லிருந்து ஒரே ஆண்டில் 49க்கு மேல் தாவியது. அந்த ஆண்டுகளில் அதே இதழில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகள் ஒரே இரவில் இருபது மடங்கு மேன்மை அடைந்துவிடவில்லை. இப்படிப்பட்ட எண்களைக் கூட்டி 612 என்று போடுவதற்குப் பொருளே இல்லை. இதழின் எண்ணைக் கொண்டு ஆளை மதிப்பிடாதீர்கள் என்பதுதான் ஆய்வை எப்படி மதிப்பிடுவது என்பது குறித்து 2012இல் உருவான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனத்தின் முதன்மையான வேண்டுகோளும்.

மற்றவற்றில் நீண்ட விவாதத்துக்குப் பிறகு மூன்று முடிவுகள். முதலாவது, ஒருவருக்குச் செய்த சரிபார்ப்பை நேர்காணலுக்கு வரும் எல்லோருக்கும் செய்வது. ஒருவரை மட்டும் துருவி எண்ணைக் குறைத்துவிட்டு, மற்றவர்களின் எண்ணை அவர்கள் எழுதியபடியே எடுத்துக்கொண்டால் அது அநியாயம். இரண்டாவது, எச்-இண்டெக்ஸை நீக்காமல், எல்லோருக்கும் ஒரே தளத்தில், ஒரே நாளில், சரிசெய்த பட்டியலிலிருந்து எடுப்பது. மதிப்பெண்ணைப் பாதியாகக் குறைப்பது. மூத்த உறுப்பினரின் வாதத்துக்குக் கொடுத்த இடம் இது. மூன்றாவது, ஒவ்வொருவரிடமும் தங்கள் ஐந்து கட்டுரைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அதில் தாங்கள் செய்தது என்ன, அதனால் நடந்தது என்ன என்று எழுதித்தரக் கேட்பது. மீதி மதிப்பெண் அதற்கு. அந்த ஐந்தையும் குழுவில் குறைந்தது இரண்டு பேர் முழுதாக வாசிக்க வேண்டும்.

எல்லோருக்கும் சரிபார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. இன்னொரு விண்ணப்பதாரரின் ஸ்கோபஸ் பக்கமும் இரண்டாக உடைந்திருந்தது. திருமணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர். சேர்த்ததும் அவருடைய எண் கணிசமாக ஏறியது.

நேர்காணல்

நம் விண்ணப்பதாரர் தேர்ந்தெடுத்த ஐந்தில் அந்தப் பெரிய சோதனைக் கட்டுரையும் இருந்தது. தேர்வுக் குழுவின் தலைவர் அதைப் பற்றித்தான் முதலில் கேட்டார். "எங்கள் மருத்துவமனையிலிருந்து நோயாளிகளைச் சேர்த்தது நான். வடிவமைப்பில் எனக்குப் பங்கில்லை" என்று நேராகவே சொன்னார். பிறகு ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "மேற்கோள் அதிகம் உள்ளதைக் கொடுக்கச் சொல்லித்தான் இத்தனை ஆண்டுகளாக எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்" என்றார். அறையில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

பல் மருத்துவக் கட்டுரைகள் தன் பக்கத்தில் இருந்ததே தெரியாது என்றார். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையைப் பற்றிக் கேட்டபோது, மாசுபட்ட மாதிரிகளைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நடந்ததை எல்லாம் விளக்கிவிட்டு, பட்டியலைத் தளத்திலிருந்து அப்படியே இறக்கி ஒட்டியதால் குறிப்பு விட்டுப்போயிற்று என்றார். மூன்று முறை ரத்தம் எடுக்கும் கட்டுரை அவருடைய ஐந்தில் இல்லை. தலைவர் அதைக் கேட்டபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வழிகாட்டிகளில் அது சேர்ந்திருப்பதில் ஒன்றை மட்டும்தான் அவர் அறிந்திருந்தார். மற்ற இரண்டையும் நாங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

விளைவு

அவர் இரண்டாம் இடத்தில் வந்தார். முதலிடம் பெற்றவரின் எச்-இண்டெக்ஸ் இவருடையதைவிடக் குறைவு. ஆனால் சோதனைகளைத் தானே வடிவமைத்து நடத்திய அனுபவம் கட்டுரைகளில் தெளிவாகத் தெரிந்தது. சோதனைப் பிரிவுக்குத் தலைவர் தேடுகிறோம் என்பதால் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பழைய தாளின்படி நடந்திருந்தால் நம் விண்ணப்பதாரருக்கே பதவி கிடைத்திருக்கும். அவருடைய நல்ல வேலையை யாரும் வாசிக்காமலேயே, அவர் செய்யாத வேலைக்காகக் கிடைத்திருக்கும்.

முடிவு வெளியான பிறகு அவர் எனக்கு எழுதி, சரிபார்ப்பு அறிக்கையின் நகலைக் கேட்டார். குழுவின் அனுமதியோடு கொடுத்தேன். கூகுள் ஸ்காலர் பக்கத்தை அன்றே சரிசெய்துவிட்டார். தானாகச் சேர்க்கும் வசதியையும் அணைத்தார். ஸ்கோபஸில் இரண்டு பக்கங்களையும் இணைக்கக் கோரிக்கை அனுப்பி, சில வாரங்களில் அது நிறைவேறியது. ஆர்கிட் பக்கத்தில் முழுப் பட்டியலையும் ஏற்றி, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்கு எதிரே அதைக் குறித்தார்.

குழுவுக்குள் கசப்பு இல்லாமல் இல்லை. மூத்த உறுப்பினர் அடுத்த சுற்றுக்கு வர மறுத்துவிட்டார். அடுத்த சுற்றில் அவர் பயந்ததில் பாதி நடக்கவும் செய்தது. ஐந்து கட்டுரை விவரணை கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஐந்து கட்டுரைகளுமே சிகிச்சை முறையை மாற்றியமைத்ததாக எழுதியிருந்தார்கள். ஒருவர் தன் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன வழிகாட்டியை எடுத்துப் பார்த்தால், போதிய ஆதாரம் இல்லை என்று சொல்வதற்காகத்தான் அது அந்தக் கட்டுரையைச் சுட்டியிருந்தது.

அடுத்த முறை மாறுபவை

விவரணைக்கு இப்போது சொல் வரம்பு உண்டு. நடைமுறையை மாற்றியது என்று எழுதினால், எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும். காட்டாத வரிகளைக் குழு கணக்கில் எடுக்காது. கட்டுரையில் தன் பங்கை எழுதும்போது, இதழ்கள் பல இப்போது பின்பற்றும் கிரெடிட் வகைப்பாட்டின் 14 பணிகளிலிருந்து தேர்ந்தெடுத்துக் குறிக்க வேண்டும். கருத்தாக்கம், தரவு திரட்டல், புள்ளியியல் பகுப்பாய்வு, எழுத்து என்று அவை பிரிந்திருப்பதால், நோயாளிகளைச் சேர்த்தவரும் சோதனையை வடிவமைத்தவரும் ஒரே பெட்டிக்குள் விழமாட்டார்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் குறிப்போடு சேர்க்கலாம். குறிப்பில்லாமல் சேர்த்தால் விளக்கம் கேட்கப்படும்.

பெரிய மாற்றம் சரிபார்ப்பின் நேரத்தில். மேலே சொன்ன அத்தனையும் நேர்காணலுக்கு அழைக்கப்பட்ட பிறகுதான் நடந்தது. அழைப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானித்தவை வெவ்வேறு தளங்களில் எடுத்த, சரிபார்க்காத எண்கள். முடிவு வெளியான பின், முதல் வடிகட்டலில் விழுந்தவர்களின் பட்டியலையும் எடுத்துப் பார்த்தேன். ஒருவர் வெப் ஆஃப் சயின்ஸ் எண்ணைக் கொடுத்திருந்தார். அழைக்கப்பட்ட ஒருவரோடு அதே தளத்தில் ஒப்பிட்டால் இவருடையது மேலே வருகிறது. அதற்குள் பதவி நிரம்பிவிட்டது. இதைக் குழுத் தலைவரிடம் எழுத்தில் கொடுத்தேன். அவர் கோப்பில் சேர்த்தார். இனி விண்ணப்பம் வந்து சேர்ந்ததுமே எல்லோருக்கும் ஒரே தளத்தில் எண் எடுக்கப்படும். நூலகத்துக்கு அதற்காக இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அனுமதி இன்னும் வரவில்லை.

கூட்டுச் சோதனைகளில் ஒத்துழைத்தவர்களுக்கு மதிப்பெண் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பதில் குழு இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஒன்றும் கொடுக்காவிட்டால் அடுத்த சோதனைக்கு நோயாளிகளைச் சேர்க்க யார் முன்வருவார்கள் என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். தற்போதைக்கு அவற்றைத் தனிப் பத்தியில் போட்டு, எண்ணாமல் விட்டிருக்கிறோம்.